பக்தவச்சலத்தின் சவரக்கத்திகள்

2022ஆம் வருஷம் ஜூன் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, தீபலட்சுமி அத்தை வீட்டை விட்டுப் போனாள். கிழமையை அவள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் பக்தவச்சலம் மாமா விடிவதற்கு முன்பே தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பல்லாவரம் சந்தைக்குப் போய்விடுவார். பதினோரு மணிக்கு முன்னால் திரும்பமாட்டார். எட்டு மணிக்கு ஆட்டோ வந்தது. இரண்டு சூட்கேஸ், ஒரு தையல் மெஷின், ஒரு பிரெஷர் குக்கர். சேலையூரிலிருந்து பள்ளிக்கரணையில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அரை மணி நேரப் பயணம். வாசலைப் பூட்டிச் சாவியை வழக்கமான இடத்தில், தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள், வைத்துவிட்டுப் போனாள்.

மாமா பதினொன்றேகாலுக்கு வந்து, கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்து அவரே சாவியை எடுத்துத் திறந்துகொண்டார். சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அவள் போனதை அவர் கவனிக்கவில்லை. அன்றைக்குச் சந்தையில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு முத்திரை போட்ட மடக்குச் சவரக்கத்தி ஒன்று அகப்பட்டிருந்தது. அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில், அவள் திரும்பி வந்திருப்பாள் என்று, இரண்டு முறை காபி கேட்டுக் குரல் கொடுத்தாராம். “பதில் வரல. கோவத்துல இருக்கானு நெனச்சேன்” என்று பின்னால் என்னிடம் சொன்னார். பசி தாங்காமல் சமையலறைக்குப் போய்க் குக்கரைத் தேடியபோதுதான் விஷயம் புரிந்திருக்கிறது.

நான் அப்போது ஜார்ஜியாவில், ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலையில் இருந்தேன். அம்மா போனில் சொன்னாள். மாமா அம்மாவின் தம்பி. அம்மா அழவில்லை. “சவரக்கத்தியோட குடும்பம் நடத்தினவன், இனி அதுங்களே சமைச்சுப் போடட்டும்” என்றாள். நாலு நாடு, ஏழு வேலை என்று சுற்றிவிட்டு 2024 ஜனவரியில் ஊர் திரும்பினேன். குரோம்பேட்டையில் அம்மா வீட்டில் நாலு நாளுக்கு மேல் இருக்க முடியவில்லை. மாமாவின் மாடி அறை காலியாக இருந்தது. அங்கே வந்து சேர்ந்தேன்.

மாமாவுக்கு அப்போது அறுபத்தோரு வயது. ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக முப்பது வருஷம் இருந்தவர். நட்டு, போல்ட், பேரிங் எல்லாவற்றையும் கையில் உருட்டிப் பார்த்து உள்ளே அனுப்புவதும் திருப்பி அனுப்புவதும்தான் வேலை. வேலை போன பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. படுக்கையறை இரும்பு பீரோவில் நூற்று நாற்பத்து மூன்று சவரக்கத்திகள். எல்லாமே பிடிக்குள் மடங்கும் பழைய மடக்குக் கத்திகள். ஒவ்வொன்றும் தையல் மெஷின் எண்ணெய் தோய்த்த துணியில் சுற்றியிருக்கும். அந்த அறையில் நுழைந்தாலே எண்ணெய் நெடி தொண்டையில் இறங்கும். அத்தை இருபத்தெட்டு வருஷம் அங்கே படுத்திருக்கிறாள்.

ஒரு கத்தியை மாமா வாங்கும் அழகைச் சந்தையில் நாலைந்து வெள்ளிக்கிழமை பார்த்தேன். முதலில் தொடமாட்டார். பக்கத்தில் இருக்கும் பித்தளைப் பூட்டு எதையாவது விலை கேட்பார். பிறகு போகிற போக்கில் கத்தியை எடுத்து, விரித்து, கூர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிப்பார். கட்டைவிரல் நகத்தில் மெதுவாகத் தட்டுவார். பிடியை முகர்ந்து பார்ப்பார். கடைசியில் முன்கை முடியில் ஒரு இழுப்பு. அவருடைய இடது முன்கையில் முடி இருந்து நான் பார்த்ததே இல்லை.

எதிர் வீட்டு பத்ரிக்கும் இதே பைத்தியம், வேறு வகையில். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை. எல்லாவற்றையும் போனில் வாங்குவான். வாரத்துக்கு ஒரு பார்சல் வரும். வந்ததில் பாதி, புது முலாம் பூசிய பழசாகவோ பழசுபோலச் செய்த புதுசாகவோ இருக்கும். ஒரு முறை பிளேடு மாட்டும் ரேசர் ஒன்று, தலை ஒரு கம்பெனி, கைப்பிடி வேறொரு கம்பெனியாக வந்து சேர்ந்தது. மாமா அதைக் கையில் வாங்கி, “கலப்புக் கல்யாணம்பா. நல்லா இருக்கட்டும்” என்று திருப்பிக் கொடுத்தார். பத்ரி சிரித்துக்கொண்டே சொன்னான்: “என்னோடது டூப்ளிகேட்டா இருக்கலாம் அங்கிள். உங்களோடது எல்லாம் பொணம் தூக்கின வீட்டுச் சாமான்.”

அதில் பொய் இல்லை. சந்தையில் மாமாவுக்குக் கத்தி கொடுப்பவன் அசரியா. நீலத் தார்ப்பாய் விரித்துக் கடை போடுபவன். யாராவது இறந்துபோன வீடுகளில், பிள்ளைகள் வேண்டாம் என்று ஒதுக்கும் சாமான்களை மொத்தமாக எடுத்து வருவான். ஒவ்வொன்றுக்கும் வரலாறு சொல்லுவான். “இது மேடவாக்கம் வாத்தியாரு, சார். போன மாசம்தான் பதினாறு முடிஞ்சுது. பொண்ணு அமெரிக்காவுல கீது. அப்பன் சாமான் ஒண்ணும் வோணாம்னு சொல்ட்ச்சு. கடைசி ரெண்டு வருசம் படுக்கைல கெடந்தாரு, அதான் கூர் அப்டியே கீது.”

இந்த வரலாறுகளை மாமா மனப்பாடம் செய்துகொண்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டின்போது அத்தையிடம் சொல்லுவார். யார், எந்தத் தெரு, என்ன வியாதி, யார் கொள்ளி வைத்தது. கத்தியை நேரில் வாங்குவதன் லாபமே இதுதான் என்பார். போனில் வாங்கினால் பார்சல் வரும், மனுஷன் வரமாட்டான் என்பார். அத்தைக்கு அந்த மனுஷன்கள் வராமல் இருந்தால் போதும். ஒரு கட்டத்தில் அவளே இறங்கி வந்தாள். வாங்கியே ஆகணும் என்றால் பத்ரி மாதிரி போனில் வாங்குங்கள், யார் செத்தார்கள் என்று எனக்குத் தெரியாமல் வரட்டும் என்றாள்.

“கையில எடுத்துப் பாக்காம எப்படி வாங்கறது? உன்னையே நேர்ல வந்து பாத்துட்டுத்தான் கட்டினேன்” என்றார் மாமா.

“வெறும் போட்டோ வந்திருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்” என்றாள் அத்தை.

அதற்குப் பிறகும் அவள் இருந்தாள். போனதற்குக் காரணம் வேறு. 2022 ஏப்ரலில் அத்தையின் அப்பா இறந்தார். பள்ளிக்கரணை வீட்டுக் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவர் படுத்திருக்க, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். மாமா கை கழுவப் போனவர், குளியலறை அலமாரியில் மாமனாரின் மடக்குக் கத்தியைப் பார்த்துவிட்டார். எடுத்து விரித்து, சட்டைக் கையை மடித்து, முன்கையில் ஒரு இழுப்பு இழுத்தார். துண்டு எடுக்க வந்த தம்பி மனைவி அதைப் பார்த்தாள். மாமா கத்தியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “சும்மா தூக்கிப் போட்டுடப் போறீங்க” என்றாராம். பிணம் அப்போது இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து அத்தை போனாள்.

நான் மாடிக்கு வந்தபோது மாமா மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, பாதி உடம்பாக இருந்தார். அத்தையைப் பற்றிப் பேசமாட்டார். ஆகஸ்டில் ஒரு நாள் மாடி ஏறி வந்து, வாசல்படியிலேயே நின்றார். “நீ போய்க் கேளு ஸ்நேகா. அவ வருவாளானு. நான் பேசினா போனை வெச்சிடறா.” அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிறகு சொன்னார்: “வரலன்னா வரலன்னு சொல்லட்டும். வாரம் பூரா வாசலையே பாத்துட்டு உக்கார முடியல.”

போனேன். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே சதுப்பு நிலமும் நாரைகளும். மெஷினை நிறுத்தாமலே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். உடம்பு எப்படி இருக்கிறது, என்ன சாப்பிடுகிறார் என்று எதுவும் கேட்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்: “வீட்டுல ஒரு கத்தி இருக்கக் கூடாது. தீபாவளிக்குள்ள காலி பண்ணச் சொல்லு. பண்ணா வரேன்.”

மாமா மூன்று நாள் பீரோ பக்கமே போகவில்லை. நாலாவது நாள் பீரோவைத் திறந்தார்.

அசரியாவிடமே கொடுத்துவிடலாம் என்றேன். அவன் கிலோ கணக்கில்தான் எடுப்பான், அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தார்ப்பாயில் அவை கிடப்பதைப் பார்க்க வேண்டும் என்றார் மாமா. சேர்த்து வைத்துக் காப்பாற்றுகிற ஒருவனுக்குப் போகவேண்டும் என்பது அவர் ஆசை. போனில் விற்கலாம் என்று சொன்னதும் நான்தான். வாழ்நாள் முழுக்க வைத ஒரு காரியத்தை அவர் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளை வேட்டி விரித்து, நூற்று நாற்பத்து மூன்றையும் படம் எடுத்தோம். பழைய சவரக்கத்தி சேகரிப்பவர்களின் குழு ஒன்றில் போட்டோம். கோயம்புத்தூரிலிருந்து சுப்ரமணியன் என்ற பல் டாக்டர் மொத்தமாக எடுத்துக்கொள்வதாக எழுதினார். ஒரே நிபந்தனை. பார்சல் கட்டுவதற்கு முன் வீடியோவில் ஒவ்வொன்றையும் அவருக்கு விரித்துக் காட்ட வேண்டும். எஃகில் ஒரு புள்ளி கறைகூட இருக்கக் கூடாது. அக்டோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை, பதினோரு மணி என்று முடிவானது. “ஆளு தொடாம வாங்கறான். ஆனா கேக்கற கேள்வியெல்லாம் சரியா கேக்கறான்” என்றார் மாமா. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முந்தின நாள் ஆயுத பூஜை. அதற்கு நாலு நாள் முன்பு அத்தையே எனக்குப் போன் செய்தாள். கத்திகள் போகப்போவதை நான் சொல்லியிருந்தேன். “எத்தனையோ பேர் வீட்டுச் சாமான். போறதுக்கு முன்னாடி ஒரு தடவ கும்பிட்டு அனுப்பணும். நான் வந்து செய்யறேன்” என்றாள். மாமா வெள்ளைப் பூசணி வாங்கினார், பொரி கடலை வாங்கினார், வீட்டை இரண்டு முறை கழுவினார். வேலை போன இந்தப் பதினோரு வருஷத்தில், சந்தை கூடிய ஒரு வெள்ளிக்கிழமை அவர் போகாமல் இருந்தது அதுதான் முதல் முறை.

அத்தை ஒன்பது மணிக்கு வந்தாள். முகத்தைப் பார்க்காமல் “எல்லாத்தையும் கொண்டாங்க” என்றாள். கூடத்தில் பலகை போட்டு வெள்ளைத் துணி விரித்தாள். மாமா ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணி பிரித்துக் கொடுக்க, அவள் வாங்கிச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை கழுவினாள். பிறகு எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, கத்தியின் இரண்டு பக்கமும் தேய்த்தாள். தீட்டு போகவேண்டுமாம். பதினாலு பழம் வாங்கி வந்திருந்தாள். துடைக்கவில்லை. ஈரத்தோடு விரித்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் கெட்டியாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

மாமா முதல் வரிசை முடியும்வரை பொறுத்தார்.

“பிடியில வெச்சா போதாதா?”

“பொட்டு நெத்தியில வைப்பாங்களா, கால்ல வைப்பாங்களா?”

கற்பூரம் காட்டி முடித்ததும் அவர் துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தார். அத்தை அவர் கைக்கும் பலகைக்கும் நடுவில் தன் கையை நீட்டினாள். ஆயுத பூஜைக்கு வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் எடுக்கக் கூடாது. அது எல்லா வீட்டுக்கும் தெரிந்த வழக்கம். பஸ் டிப்போவிலும் லேத் பட்டறையிலும்கூட அன்றைக்கு ஸ்பேனரைத் தொடமாட்டார்கள்.

“லட்சுமி, இது கார்பன் ஸ்டீல். ஈரம் பட்டா ஒரு மணி நேரம் தாங்காது. நாளைக்கு அந்த டாக்டர் பாக்கறாரு.”

“சாமி வேணுமா ஸ்டீல் வேணுமானு நான் கேக்கல. நான் வேணுமா? வேணும்னா கைய எடுங்க.”

அவர் கையை எடுத்தார்.

அன்று காலையிலிருந்தே புழுக்கம், நடுப்பகலில் தூறல் வேறு. அத்தை படுத்துத் தூங்கினாள். மாமா பலகைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்று மணிக்கெல்லாம் சந்தனப் பொட்டுகளைச் சுற்றி ஆரஞ்சு வளையம் தெரிய ஆரம்பித்தது. “அந்தக் கடைசி வரிசை பரவால்ல” என்றார். நாலு மணிக்கு அதுவும் இல்லை. நான் எட்டிப் போய்த் துடைத்திருக்கலாம். என் மேல் அத்தைக்கு எந்தப் பிடியும் இல்லை. போன் பார்த்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அது அவர்கள் சண்டை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் மறுபூஜை முடிந்து மாமா முதல் கத்தியை எடுத்தார். காய்ந்த சந்தனம் உதிர்ந்து விழுந்தது. அடியில் எஃகை அரித்துக் கறுப்பாக ஒரு வட்டக் குழி. கூர் விளிம்பு முழுக்கப் பொடிப்பொடியாகத் தின்னப்பட்டிருந்தது. இரண்டாவதும் அப்படியே. பத்தாவதோடு எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

பதினோரு மணிக்கு டாக்டர் வீடியோவில் வந்தார். மாமா மறைக்கவில்லை. ஐந்து கத்திகளைக் காட்டினார். “நேத்து வரைக்கும் நல்லா இருந்தது சார். பூஜையில வெச்சோம்” என்றார். சுப்ரமணியன் மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவில்லை. “போட்டோவுல வேற கத்தி காட்டியிருக்கீங்க சார். இதுக்குத்தான் நேர்ல பாக்காம எதையும் வாங்கக் கூடாதுனு என் வைஃப் சொல்றா” என்று சொல்லிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் குழுவிலிருந்து மாமாவை நீக்கிவிட்டார்கள்.

உள்ளே அத்தை பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் போனபோது அவள் மடியில் ஒரு பொட்டலம். பிளவுஸ் துணியில் சுற்றியிருந்தது. அவள் அப்பாவின் மடக்குக் கத்தி. சந்தனமோ எலுமிச்சம்பழமோ அதன் மேல் படவில்லை. எண்ணெய் போட்டு, நன்றாகத் துடைத்து, மாமா சுற்றுவதைவிட அழகாகச் சுற்றியிருந்தாள். நேற்று அவள் எல்லாவற்றையும் வாங்கிக் கழுவியபோது அதை மட்டும் பலகைக்கு அனுப்பவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“தெரிஞ்சேதான் செஞ்சீங்களா அத்த?”

“இருபத்தெட்டு வருஷம் அந்த எண்ணெ நாத்தத்துல படுத்திருக்கேன். எதுக்கு எண்ணெ போடறாருனுகூடத் தெரியாதா எனக்கு?”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மாமாவிடம், “வீடு காலியானதும் சொல்லுங்க” என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலமே நான் அவரிடம் சொல்லிவிட்டேன், அந்தப் பொட்டலத்தைப் பற்றி. விஷயம் தெரிந்தால் இந்த மனுஷன் அவளுக்காகக் காத்திருப்பதை விட்டுத்தொலைப்பார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “அப்பா ஞாபகம்மா. அதான் தனியா எடுத்திருக்கா. ஸ்டீலைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும், அவ என்ன ஸ்டோர்ஸ்லயா வேல பாத்தா?” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு கட்டைப் பைகளில் அத்தனையையும் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனோம். அசரியா ஒரு கத்தியை விரித்துப் பார்த்தான். “இன்னா சார், கத்திக்கெல்லாம் அம்மை போட்ட மாரி கீது” என்று சிரித்தான். மாமாவும் சிரித்தார். தராசில் அள்ளிப் போட்டு இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் பீரோவின் படத்தை, காலியாக, கதவு இரண்டும் திறந்தபடி எடுத்து அத்தைக்கு அனுப்பினார். அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை. தீபாவளி அன்று விடியற்காலை ஐந்து மணிக்குக் குளித்து, புது வேட்டி கட்டி, வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பட்டாசுச் சத்தம் ஓய்ந்து வெயில் ஏறியதும் எழுந்து போய் விளக்கை அணைத்தார்.

அடுத்த பிப்ரவரியில்தான் பத்ரி வாழ்க்கையில் முதல் முறையாகச் சந்தைக்கு நேரில் போனது எங்களுக்குத் தெரிந்தது. மாமா அப்போதெல்லாம் நாள் பூராவும் போனில் பழைய கத்திப் படங்கள் பார்த்துக்கொண்டிருப்பார். வாங்குவதில்லை, வெறுமே பார்ப்பார். ஒரு நாள் அவருடைய ஷெஃபீல்டு கத்தியே திரையில் வந்தது. பத்ரி அசரியாவிடமிருந்து நல்லதாக முப்பதைப் பொறுக்கி, அம்பத்தூரில் மெஷினில் கொடுத்துப் பாலிஷ் போட்டு, விற்பனைக்கு வைத்திருந்தான். கீழே விவரம் எழுதியிருந்தான்: மறைந்த சேகரிப்பாளர் ஒருவரின் குடும்பத்தாரிடமிருந்து நேரடியாகப் பெறப்பட்டவை.

மாமா போனை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பத்ரிக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் சமாளித்தான். “மார்க்கெட்டிங் அங்கிள். உயிரோட இருக்கறவர் சாமான்னா வெல ஏறாது.”

“எதுல செத்தேன்னு போடலியே” என்றார் மாமா. அவர் கத்தியின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, குழியைத் தேய்த்ததில் எஃகு எவ்வளவு மெலிந்துவிட்டது என்று அவனுக்கு விளக்கிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் போயிற்று. அத்தை போனில் அவருடைய எண்ணை ஒதுக்கி வைத்திருக்கிறாளா, இல்லை எடுக்கத்தான் மனமில்லையா என்று அவர் என்னை வாரம் ஒரு முறை கேட்பார். மணி அடிக்கிறது மாமா, ஒதுக்கவில்லை என்பேன். அது அவருக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது. போன நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கண்ணாடிகூடப் போடாமல் மாடிப்படி ஏறி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. போனை என் கையில் திணித்தார். “லட்சுமி மெசேஜ் போட்டிருக்கா. படி, சத்தமா படி.”

சத்தமாகத்தான் படித்தேன்.

“ரேஷன் கார்டுல இருந்து என் பேரை எடுக்க எழுதிக் கொடுத்திருக்கேன். உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். பத்து நிமிஷம்தான் இருக்கும், உடனே அனுப்புங்க.”